அரிசிப் பானைக்குள் எது பழுக்கும், எது பழுக்காது?

கேள்வி: ஐயா, போன வாரம் திண்டுக்கல் காந்தி மார்க்கெட்டில் செந்தூரம் மாங்காய், சப்போட்டா, பன்னீர் திராட்சை, பச்சைக் கடலை எல்லாம் வாங்கி வந்தேன். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். நாலாம் நாள் வீடே மணந்தது. திராட்சை புளித்ததால் அதையும் ஒரு துணியில் முடிந்து அதே பானையில் வைத்தேன். அது சுருங்கிப்போனதே தவிர, புளிப்பு போகவில்லை. அதிலேயே வைத்த சப்போட்டாவில் பாதி பழுத்தது. மீதி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. என் மாமியார், “அரிசிச் சூட்டுல எல்லாமே பழுக்கும், நீ பானையைத் திறந்து திறந்து பார்த்திருப்பே” என்கிறார். ஒரே பானை, ஒரே சூடு. ஒன்று பழுத்து ஒன்று பழுக்காதது ஏன்? கடலையிலும் பாதி பொக்கு. அதை நாலு நாள் வைத்திருந்தால் பருப்பு திரண்டிருக்குமா?

— ஒரு வாசகி, நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: அம்மா, ஒரே பானையில் மூன்று பழங்களை வைத்துப் பார்த்து, மூன்றும் மூன்று விதமாக ஆனதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பழ ஆராய்ச்சிக்காரர்கள் பல ஆண்டுகள் செலவிட்டுக் கண்ட விஷயம் இந்தக் கேள்விக்குள் அப்படியே இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சுருக்கமான விடை இது. பழத்தைப் பழுக்க வைப்பது சூடு அல்ல, ஒரு வாயு. அந்த வாயுவுக்குக் கட்டுப்படும் பழங்கள் சில, கட்டுப்படாதவை சில. கட்டுப்படும் பழமும் மரத்திலேயே முழுதாக விளைந்திருந்தால்தான் ருசியாகப் பழுக்கும். உங்கள் மாங்காய் முதல் வகை. திராட்சை இரண்டாம் வகை. ரப்பராகிப்போன சப்போட்டா, விளையும் முன்பே பறித்தது.

முதலில் சூட்டுக் கதையைப் பார்த்துவிடுவோம். அரிசிக்குத் தனியாகச் சூடு கிடையாது. காய்ந்த தானியம் தன்னால் சூடேறாது. ஒரு வெப்பமானியைப் பானைக்குள் செருகி வைத்தால், சமையலறையில் இருக்கும் வெப்பமே ஏறக்குறைய அங்கும் இருக்கும். சூடுதான் பழுக்க வைக்கிறது என்றால் வெயில் 40 டிகிரியை நெருங்கும் நம் சித்திரை, வைகாசியில் மார்க்கெட் வாசலில் கொட்டி வைத்த காய்களெல்லாம் மாலைக்குள் பழுத்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. மாங்காய் நன்றாகப் பழுக்க 20 முதல் 25 டிகிரி வெப்பம் போதும். 35 டிகிரிக்கு மேல் போனால் நிறமும் மணமும் கெடும்.

இதற்கு நம் ஊர்க் கடையிலேயே ஒரு சாட்சி தொங்குகிறது. பச்சைப்பழம் என்று நாம் சொல்லும் ரொபஸ்டா வாழை, நம் வெக்கையில் பழுத்தால் தோல் பச்சையாகவே இருக்கும். உள்ளே மட்டும் கனிந்துவிடும். அதே ரொபஸ்டாவைக் குளிரூட்டிய அறையில் 16 முதல் 18 டிகிரியில் பழுக்க வைத்தால் தோல் மஞ்சளாகிவிடுகிறது. மஞ்சளாவதற்கு வேண்டியது சூடு அல்ல, குளிர்ச்சி. தோலின் பச்சையம் கரைவதை அதிக வெப்பம் தடுத்துவிடுகிறது.

உங்கள் மாமியார் நினைத்தது போலவே அமெரிக்காவின் கலிபோர்னியா தோட்டக்காரர்களும் ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். பறித்த பச்சை எலுமிச்சைகளை ஒரு கொட்டகையில் அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி வைப்பார்கள். சில நாளில் எலுமிச்சை மஞ்சளாகும். அடுப்பின் சூட்டால்தான் நிறம் வருகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். பிறகு வசதி வந்து, புகையில்லாத புது முறையில் கொட்டகையைச் சூடாக்கினார்கள். சூடு குறையவில்லை, ஆனால் எலுமிச்சை பச்சையாகவே கிடந்தது. வேலையைச் செய்தது அடுப்பின் சூடல்ல, மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் வெளிவிட்ட ஆவி என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஆவியில் இருந்த சரக்கு எத்திலீன் என்று 1924-இல் பிராங்க் டென்னி என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். எத்திலீன் என்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத எளிய வாயு. நம் ஊர்களில் வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடுகிறார்களே, அங்கேயும் தார் பழுப்பது புகையில் கலந்துவரும் இந்த வாயுவால்தான்.

பத்து ஆண்டு கழித்து, 1934-இல், இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் இன்னும் வியப்பான ஒன்றை நிரூபித்தார். பழுக்கும் ஆப்பிள் அந்த எத்திலீனைத் தானே உண்டாக்கி வெளியே விடுகிறது. புகையே போடாவிட்டாலும் பழம் தனக்கு வேண்டிய வாயுவைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் பானைக்கு வருவோம். விளைந்த மாங்காய் சிறிதளவு எத்திலீனை விடத் தொடங்குகிறது. திறந்த கூடையில் வைத்தால் அது காற்றோடு போய்விடும். அரிசிக்குள் புதைத்தால் வாயு பழத்தைச் சுற்றியே தேங்குகிறது. தேங்கிய வாயு, இன்னும் வாயு விடும்படி பழத்தைத் தூண்டுகிறது. இப்படி ஒன்றுக்கு ஒன்று ஏறிக்கொண்டே போய், மூன்று நாலு நாளில் பழம் முழுக்கக் கனிந்துவிடுகிறது. அரிசி செய்வது வாயுவைப் பிடித்து வைக்கும் வேலை. வைக்கோலும், சாக்கும், காகிதப் பையும் செய்வது அதைத்தான். ஆகவே, அம்மா, பானையைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது என்று உங்கள் மாமியார் சொன்னது முழுக்கச் சரி. காரணம்தான் வேறு: திறந்தால் வெளியேறுவது சூடல்ல, வாயு.

பழம் பழுக்கும்போது உள்ளே நான்கு காரியங்கள் நடக்கின்றன. மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது; வாழைக்காயில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கும் மாவு, பழமான பிறகு ஓரிரு பங்காகக் குறைந்துவிடும். புளிப்பு அமிலங்கள் செலவாகின்றன. காயை விறைப்பாக வைத்திருக்கும் பெக்டின், அதாவது செல்களை ஒட்டிவைக்கும் பசை, இளகுகிறது. பச்சையம் கரைந்து மஞ்சளும் சிவப்பும் தெரிகின்றன, மணம் பிறக்கிறது. இத்தனை வேலைக்கும் பழம் பலமாக மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. 1920-களில் கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் ஆப்பிளின் மூச்சை அளந்து பார்த்தபோது, பழுக்கும் வேளையில் அது திடீரென உயர்ந்து பிறகு தணிவதைக் கண்டார்கள். அந்த உயர்வுக்கு கிளைமாக்டெரிக் என்று பெயர். நாம் மூச்செழுச்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

திராட்சை மட்டும் ஏன் ஏமாற்றியது? அதற்கு இந்த மூச்செழுச்சி கிடையாது. அதைவிட முக்கியம், அதற்குள் மாவுச் சேமிப்பும் கிடையாது. மாங்காய் குதிரில் நெல் கொட்டி வைத்த வீடு. வாசலை அடைத்தாலும் உள்ளே இருப்பதை எடுத்துப் பொங்கிக்கொள்ளும். திராட்சை அன்றன்றைக்கு அரிசி வாங்கும் வீடு. அதன் சர்க்கரை முழுவதும் இலையில் தயாராகி, காம்பு வழியாக வருகிறது. கத்தரித்த நிமிடத்தோடு வரவு நின்றுவிட்டது. பிறகு அரிசியில் வைத்தாலும் வைக்கோலில் வைத்தாலும் தண்ணீர் வற்றிச் சுருங்குமே தவிர, புதிதாக இனிப்பு வர வழியில்லை. கலிபோர்னியா எலுமிச்சையும் அப்படித்தான்: எத்திலீன் பட்டுத் தோல் மஞ்சளானது, உள்ளே புளிப்பு இனிப்பாகவில்லை.

இதை வைத்து நம் பக்கத்துப் பழங்களை மூன்று வரிசையாகப் பிரித்துக்கொண்டால் மார்க்கெட்டில் திண்டாட வேண்டியதில்லை.

முதல் வரிசை, காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம் என்பவை: மா, வாழை, சப்போட்டா, சீத்தா, பலா. கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கும் பட்டர் ஃப்ரூட் இந்த வரிசையில் தனி ரகம். அது மரத்தில் இருக்கும்வரை கனியவே கனியாது, பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். ஆகவே பட்டர் ஃப்ரூட் கல்லு மாதிரி இருக்கிறதே என்று கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். வாங்கி வந்து இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

இரண்டாம் வரிசை, வாங்கும்போதே சாப்பிடும் பதத்தில் இருக்க வேண்டியவை: திராட்சை, எலுமிச்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி, தர்ப்பூசணி, நாவல். இவற்றில் புளிப்பாகவோ சப்பென்றோ வாங்கியது, நாளைக்கும் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது இடைப்பட்ட வரிசை. பலரை ஏமாற்றுவது இதுதான். பப்பாளியும் கொய்யாவும் எத்திலீனுக்குக் கட்டுப்படும். மெத்தென்று ஆகும், மணக்கும். ஆனால் இரண்டிலும் மாவுச் சேமிப்பு மிகக் குறைவு. அதனால் வீட்டில் வைத்தால் மென்மை கூடும், இனிப்பு பெரிதாகக் கூடாது. பப்பாளியில் பூப்பக்கம் ஒரு மஞ்சள் கீற்றாவது விழுந்திருக்க வேண்டும். முழுப் பச்சையாகப் பறித்தது பழுத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். பழனி சாலையில் ஆயக்குடிக் கொய்யா குவிந்திருக்கும்போது, அடர்பச்சை மாறி வெளிர்பச்சையாகி, தோலில் மினுமினுப்பு வந்ததைப் பொறுக்குங்கள். நறுக்கென்று கடிக்க விரும்புகிறவர்களுக்கும் அந்தப் பதமே சரி. ஆரஞ்சில் இருப்பதைப் போல நான்கு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. அதை வாங்கத் தயங்க வேண்டியதே இல்லை.

அடுத்து உங்கள் சப்போட்டா. முதல் வரிசைப் பழமாயிற்றே, பாதி ஏன் ரப்பரானது? பழுப்பதற்கு முன் விளைய வேண்டும். விளைச்சல் என்பது மரத்தில் நடப்பது: காய் முழு அளவுக்கு வளர்ந்து, மாவைச் சேர்த்துக்கொள்வது. பழுப்பது அதற்குப் பிந்திய கட்டம். விளையாத காய்க்குள் சர்க்கரையாக மாறுவதற்குச் சரக்கே இல்லை. எத்திலீன் பட்டதும் அது இளகப் பார்க்கும், முடியாமல் வெம்பிப் போகும். பானையைக் குறை சொல்லிப் பயனில்லை; மரத்திலேயே முடிந்துபோன விஷயம் அது.

சப்போட்டா விளைந்ததா என்று பார்க்க நகம் போதும். தோலின் மேல் மணல் ஒட்டியது போல ஒரு பழுப்புப் பொடி இருக்கும். விளைந்த காயில் அது பெரும்பாலும் உதிர்ந்து, தோல் வழவழப்பாகிவிடும். கட்டைவிரல் நகத்தால் ஓர் ஓரத்தில் லேசாகக் கீறுங்கள். கீறிய இடம் பச்சையாகத் தெரிந்து, பால் துளிர்த்தால் அது பிஞ்சு, வைத்துவிடுங்கள். வெளிர்மஞ்சளாகத் தெரிந்தால் விளைந்தது, நம்பி எடுக்கலாம். ஒவ்வொன்றையும் கீற வேண்டாம், கடைக்காரருக்கு நஷ்டம். குவியலில் இரண்டைப் பார்த்தாலே அது எந்தத் தோப்புப் பறிப்பு, எப்படிப்பட்ட பறிப்பு என்று தெரிந்துவிடும்.

மாங்காய்க்குத் தோளைப் பாருங்கள். பிஞ்சில் காம்பு மேலே துருத்தி நிற்கும், தோள் சரிந்திருக்கும். விளைந்த காயில் இரு தோளும் எழும்பி, காம்பு ஒரு சிறு குழிக்குள் அமர்ந்திருக்கும். கன்னம் உருண்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்; மாவு ஏறிக் கனத்த காய் பெரும்பாலும் மூழ்கும், விளையாதது மிதக்கும். மிதந்தவற்றை ஊறுகாய்க்கோ பச்சடிக்கோ ஒதுக்கிவிட்டு, மூழ்கியதை மட்டும் துடைத்துப் பானைக்குள் வையுங்கள். நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து செந்தூரமும் கல்லாமையும் வரும் நாட்களில் இந்த வாளிச் சோதனை நல்ல பலன் தரும். சிவந்த கன்னத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். செந்தூரத்தின் சிவப்பு பெரும்பாலும் வெயில் பட்ட பக்கத்தில் ஏறுவது. அது விளைச்சலுக்கு அடையாளம் அல்ல.

ஆவணி, புரட்டாசியில் சிறுமலை அடிவாரத்திலிருந்து சீத்தா வரும்போது அதன் தோலிலுள்ள கண்களைப் பாருங்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளம் விரிந்து, வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ கோடு தெரிந்தால் விளைந்தது. கண்கள் நெருங்கி இறுகி, முழுப் பச்சையாக இருந்தால் அது வீட்டில் கறுத்துக் கல்லாகிவிடும்.

திராட்சைக்குச் சோதனை வாயில்தான். சின்னாளபட்டி, வெள்ளோடு பக்கத்துப் பன்னீர் திராட்சையை வாங்கும்போது, பலரும் கொத்தின் மேலிருந்து ஒன்றைப் பிய்த்துச் சுவைப்பார்கள். கொத்தில் கடைசியாக இனிப்பது நுனிப் பழம். நுனியில் ஒன்றைச் சுவைத்து அது இனித்தால் கொத்து முழுவதும் இனிக்கும். காம்பு பச்சையாக இருந்தால் புதிது. மேலே படிந்திருக்கும் வெண்பூச்சைக் கண்டு மருந்து என்று பயப்படுகிறார்கள். அது பழம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. கைபடாத புதிய பழத்தில்தான் அது கலையாமல் இருக்கும். ஆனாலும் எந்தப் பழத்தையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு மலைவாழையைச் சொல்லாமல் விட முடியாது. 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் சிறுமலையின் தோட்டங்களில் விளைந்து, வழியில்லாத இடங்களில் குதிரை முதுகில் தார் ஏறி வரும் பழம் அது. சிறுமலை மலைவாழைக்கும், கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி மலைவாழைக்கும் 2008-09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது இந்த மண்ணில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் சொல்ல உரிமை உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வது விருப்பாட்சி வகைப் பழம். சதையில் நீர் குறைவு என்பதால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசையும் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது.

இந்தப் பழத்தை வாங்குவதில் வெளியூர்க்காரர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். தோல் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும்போதே உரித்துச் சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன விசேஷம் என்கிறார்கள். மலைவாழையின் தோல் மெலிந்து, கரும்புள்ளி விழுந்து, சற்றுச் சுருங்கிய பிறகுதான் மாவு முழுவதும் சர்க்கரையாகியிருக்கும்; மணமும் அப்போதுதான் எழும். கறுத்த தோலை உரித்தால் உள்ளே சதை அழுகாமல், கெட்டியாக, பொன்னிறமாக இருக்கும். தோல் கறுத்துவிட்டது என்று விலை குறைத்துக் கேட்கிறவர், அது ருசியின் உச்சத்தில் இருக்கும்போது கேட்கிறார்.

வாயுவைப் பற்றிய இந்த அறிவு வீட்டில் வேறு வகையிலும் கைகொடுக்கும். சீக்கிரம் பழுக்க வேண்டுமானால், காயோடு பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் காகிதப் பையில் போட்டு மடித்து வையுங்கள். பழம் விடும் எத்திலீன் காயை எழுப்பிவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். பழுப்பதற்குப் பிராணவாயு வேண்டும். காற்று அடைபட்டால் பழுப்பு தடைபட்டு, ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழுப்பதைத் தள்ளிப்போட வேண்டுமானால் பழங்களைப் பிரித்துக் காற்றாடப் பரப்பி வையுங்கள். அடிபட்டதையும் அழுகியதையும் உடனே ஒதுக்குங்கள். காயம் பட்ட இடத்திலிருந்து எத்திலீன் கூடுதலாக வரும். கூடையில் ஒன்று அழுகினால் மற்றவை விரைந்து கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பலாக்காய் சீக்கிரம் பழுக்கட்டும் என்று காம்பில் குச்சி அடிக்கும் நம் பழக்கத்துக்கும் அந்தக் காயம்தான் கணக்கு.

காயைப் பழுப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க்காயம் உண்டாகும். தோல் சாம்பல் நிறமாகி, வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. மாங்காய்க்கும் சீத்தாவுக்கும் அதே கதிதான். நன்றாகப் பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைப்பதில் தவறில்லை.

‘கல் போட்டுப் பழுக்க வைக்கிறார்கள்’ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அதையும் தெளிவாக்கிவிடுகிறேன். கால்சியம் கார்பைடு என்ற கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்ற வாயு வரும். அது எத்திலீனைப் போலவே நடிக்கும். ஆனால் தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுக் கலப்பு இருக்கிறது. ஆகவே 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதைப் பழுக்க வைப்பதற்குப் பயன்படுத்தத் தடை உண்டு. எத்திலீன் வாயுவை, அறைக் காற்றின் 10 லட்சம் பங்கில் 100 பங்குக்கு மிகாமல் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. பழமே உண்டாக்கும் வாயு அது. ஒரே சீராக மஞ்சளாக இருப்பதெல்லாம் கல்லில் பழுத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முறையான எத்திலீன் அறையில் பழுத்ததும் ஒரே சீராகத்தான் இருக்கும். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது சீசனுக்கு முன்னால் வந்து குவிவதை. மேலே மஞ்சள், உள்ளே வெளுப்பும் புளிப்பும், மணம் சிறிதும் இல்லை என்றால், விளையாத காயை அவசரமாகப் பழுக்க வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியாக உங்கள் கடலை. இல்லை அம்மா, நாலு நாள் அல்ல, நாற்பது நாள் வைத்தாலும் பொக்குக் கடலைக்குள் பருப்பு திரளாது. கடலை ஒரு விதை. அதன் எண்ணெயும் புரதமும் இலையிலிருந்து இறங்கும் சத்தால் உருவாகி நிறைவது. செடியைப் பிடுங்கியதும் திராட்சையைப் போலவே வரவு நின்றுபோகும். ஒரே செடியில் பாதி திரண்டும் பாதி பொக்காகவும் இருப்பதற்குக் காரணம், கடலைச்செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருப்பதுதான். முன்னால் பூத்தது முற்றியிருக்கும். பின்னால் பூத்து மண்ணுக்குள் இறங்கியது இன்னும் பிஞ்சாக இருக்கும்.

பச்சைக் கடலை வாங்கும்போது ஒரு காயை உடைத்து, பருப்பைத் தின்பதற்கு முன் ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று பஞ்சு போல இருந்தால் பிஞ்சு. பழுப்பேறி, கருமையான வரிகள் ஓடியிருந்தால் முற்றியது. அவித்துத் தின்ன இரண்டும் கலந்திருந்தாலும் பரவாயில்லை. பிஞ்சுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு. வறுக்கவும் சட்னிக்கும் முற்றியதே வேண்டும். காய்ந்த கடலையைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும்.

கடலையில் ருசியை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சேர்க்கும்; கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாக அழியாது. ஆகவே சுருங்கியது, நிறம் மாறியது, பச்சை பூத்தது எதையும் கழித்துவிடுங்கள். வாயில் போட்டுக் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய் என்பதால், உடைத்த கடலை காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். தோலோடு வாங்கி, வெயிலில் காயவைத்து, வேண்டும்போது உடைத்துக்கொள்வதே நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடமும் மற்ற வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனியிலேயே மாம்பழம் வேண்டும் என்று நாம் கேட்பதால்தான், விளையாத காய் மரத்தை விட்டு இறங்குகிறது. பறிப்பவரும் விற்பவரும் நம் அவசரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். சீசனின் முதல் கூடையை விட்டுவிட்டு இரண்டு வாரம் பொறுத்து வாங்குங்கள். விலையும் இறங்கியிருக்கும், காயும் விளைந்திருக்கும். பானை அதன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டுமானால், மரத்தை அதன் வேலையை முடிக்க விடுங்கள்.